கீழே குளிரவில்லை என்றால் உடனே கேஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் உங்கள் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதி சரியாகக் குளிரவில்லை என்றால் கேஸ் குறைந்துவிட்டது என்று அர்த்தம், மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸ் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் எனக்குத் தொழில். அந்த வரியைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் "மேலே ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, கீழே மட்டும் குளிர் இல்லை" என்று வரும் புகாருக்கும் கேஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. பத்திரிகையே இப்படிச் சொல்லிவிட்டால் என்ன ஆகிறது தெரியுமா, மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டுக்காரர் "கேஸ் போட்டுடுங்க" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார். வருகிறவருக்கும் அது வசதிதான். பேனலைக் கழற்ற வேண்டாம், காயிலைப் பார்க்க வேண்டாம், மெஷினின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து பைப்பை வெட்டி, வேக்யூம் போட்டு, கேஸ் ஏற்றி, சீல் வைத்துவிட்டுக் கிளம்பலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வேலை முடியும்வரை மெஷின் மணிக்கணக்கில் அணைந்து கிடக்கும், கதவும் திறந்திருக்கும். உள்ளே காற்றுப் பாதையை அடைத்துக்கொண்டிருந்த ஐஸ் அந்த நேரத்தில் முழுக்க இல்லாவிட்டாலும் கொஞ்சம் தானாகக் கரைந்து வழி விட்டுவிடும். மறுபடி ஓடவிட்டதும் கீழே ஜில்லென்று ஆகிவிடும். கேஸ்தான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள், கேஸ் போட்டவர் உட்பட. கொஞ்ச நாள் போனதும் ஐஸ் மறுபடி கட்டும், கீழே மறுபடி வெதுவெதுப்பு. அப்போது "எங்கேயோ லீக் இருக்கு சார்" என்பார்கள். லீக் இல்லை. இருந்ததே இல்லை.

சரி, உள்ளே நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்று விற்கிற இரண்டு கதவு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் குளிரூட்டும் காயில் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்சுவரில் இருக்கும் பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கிறது, ஓடும்போது மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன். அந்த ஃபேன் காயில் மேல் காற்றை இழுத்து, பெரும்பங்கை ஃப்ரீசருக்குள் ஊதுகிறது, மீதியை ஒரு குழாய் வழியாகக் கீழ்ப்பகுதிக்கு அனுப்புகிறது. கீழ்ப்பகுதிக்கென்று தனிக் குளிர் எதுவும் கிடையாது, அது வாழ்வதே ஃப்ரீசரிடம் வாங்கிய கடனில். எவ்வளவு கடன் என்று முடிவு செய்வது அந்தக் குழாயின் வாயில் இருக்கும் உள்ளங்கை அகல மடல். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் மடையைத் திறந்து மூடுவது போலத்தான். அதற்குப் பெயர் டேம்பர். கீழே 3, 4 டிகிரி இருக்க வேண்டும், மேலே மைனஸ் 18 இருக்க வேண்டும், ஒரே காயிலை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுவது அந்த மடல்தான்.

இப்போது கேஸுக்கு வருகிறேன். காயில் ஒன்று என்றால் கேஸும் ஒன்றுதானே. கேஸ் குறைந்தால் முதலில் அடிவாங்குவது காயில், அதாவது ஃப்ரீசர். காயிலின் ஆரம்பச் சுற்றுகளில் மட்டும் வெண்ணிறப் பனி படியும், மீதி வெறும் உலோகமாகத் தெரியும். ஃப்ரீசர் மைனஸ் 18க்குப் போகாமல் மைனஸ் 8, மைனஸ் 6 என்று தடுமாறும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கீழேயும் சூடாகும், மறுக்கவில்லை, ஆனால் மேலேயும் சேர்ந்துதான் கெடும். மேலே மைனஸ் 18 அசையாமல் நின்று, கீழே 12 டிகிரி என்றால் அது கேஸ் இல்லை. குளிர் உற்பத்தி ஆகிறது, கீழே வந்து சேரவில்லை, அவ்வளவுதான். மேலே ஒரு தெர்மாமீட்டர், கீழே ஒரு தெர்மாமீட்டர். இந்த இரண்டு எண்ணைப் பார்க்காமல் கேஸ் என்று சொல்கிறவரை நான் மெக்கானிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்களில், உள்ளே மேல் பெட்டியைச் சுற்றியே காயில் இருக்கும் டைரக்ட் கூல் வகையில், இந்த டேம்பரும் கிடையாது ஃபேனும் கிடையாது, குளிர் காற்று கனமாகத் தானே கீழே இறங்குகிறது. மேலே ஒரு காயில், கீழே ஒரு காயில், ஆளுக்கொரு ஃபேன் என்று வரும் மாடல்களிலும் இரண்டுக்கும் நடுவில் டேம்பர் வைக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட மெஷினில் "டேம்பர் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று கேட்டுவிடுங்கள்.

டேம்பரிலும் வகை உண்டு. சாதாரண மாடல்களில் அது வெறும் பிளாஸ்டிக் தடுப்பு, குமிழைத் திருகினால் நகரும், அதில் கெடுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, உடையும் அல்லது ஐஸில் சிக்கும். அடுத்தது வாயு அடைத்த பெல்லோஸ், அதாவது துருத்தி, வகை. மெல்லிய குழாய் ஒன்று கீழ்ப்பகுதியின் காற்றை உணர்ந்துகொண்டிருக்கும், சூடு ஏறினால் உள்ளே இருக்கும் வாயு விரிந்து மடலைத் தள்ளித் திறக்கும், குளிர்ந்தால் சுருங்கி மூடும். மின்சாரமே வேண்டாம். அந்த வாயு கசிந்துவிட்டால் தள்ள ஆளில்லை, மடல் மூடியபடியே நின்றுவிடும். சோதிப்பதும் சுலபம், வெளியே எடுத்து உணரும் பகுதியைக் கைக்குள் சற்று நேரம் பொத்தி வைத்தால் திறக்க வேண்டும், ஐஸில் வைத்தால் மூட வேண்டும். இன்றைக்கு அதிகம் வருவது மோட்டார் வகை. கீழே ஒரு சென்சார், அது சொல்வதைக் கேட்டு எலக்ட்ரானிக் போர்டு ஒரு குட்டி ஸ்டெப்பர் மோட்டாரை, அதாவது படிப்படியாக நகரும் மோட்டாரை, ஓட்டும், அது பல்சக்கரங்கள் வழியாக மடலைத் திருப்பும்.

இந்த மோட்டார் வகையில்தான் நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. மடல் உண்மையில் எங்கே நிற்கிறது என்பது பல மாடல்களில் போர்டுக்குத் தெரியவே தெரியாது. கரண்ட் வந்ததும் போர்டு மோட்டாரை ஒரு பக்கமாகக் கடைசிவரை ஓட்டி முட்டவிடும், அதைத் தொடக்கம் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து இத்தனை படி நகர்த்தினால் திறந்தது, இத்தனை படி திருப்பினால் மூடியது என்று எண்ணிக்கொள்ளும். மடல் ஐஸில் ஒட்டிக்கிடந்தாலும், பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து வெறுமனே சுற்றினாலும் போர்டின் கணக்கில் கதவு திறந்தாகிவிட்டது. அதனால்தான் முன்பக்கத் திரையில் எந்தப் பிழை எண்ணும் வராது. "எர்ரர் எதுவும் காட்டலையே, அப்போ எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கேஸ்தான்" என்று முடிவுக்கு வருவது எவ்வளவு பெரிய தாவல் என்று இப்போது புரியும்.

அப்புறம் குமிழ் விவகாரம். இரண்டு குமிழ் இருக்கும் பழைய மாடல்களில் மேலே ஒன்று கீழே ஒன்று என்றால் மேலது ஃப்ரீசரின் குளிர், கீழது கீழ்ப்பகுதியின் குளிர் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஒன்று கம்ப்ரசரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட், இன்னொன்று வெறும் டேம்பர். எது எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் ஃப்ரீசர் என்று எழுதிய குமிழ்தான் டேம்பரை நகர்த்துகிறது. அதை அதிகக் குளிருக்குத் திருப்பினால் கீழே போகும் காற்று குறையும், தெர்மோஸ்டாட் கீழே இருப்பதால் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும், ஃப்ரீசர் இன்னும் உறையும். கீழே குளிரவில்லையே என்று இரண்டு குமிழையும் கடைசி எண்ணுக்குத் திருகிவைத்துவிட்டு, தன் கையாலேயே வழியை அடைத்துக்கொண்டு, அப்புறம் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் ஏராளம். பெயரைப் பார்க்காதீர்கள், கையேட்டைப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் இரண்டையும் நடுவில் வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம்.

டேம்பர் கெட்டால் இரண்டே முகம்தான். மூடிய நிலையில் நின்றால் மேலே அருமை, கீழே வெதுவெதுப்பு. திறந்த நிலையில் நின்றால் கீழே காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரும் காய்கறியும் உறைந்துபோகும். இந்த இரண்டாவதில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. கம்ப்ரசரை நிறுத்துகிற உணர்வி கீழ்ப்பகுதியில் இருக்கும் மாடல் என்றால், திறந்துகிடக்கும் டேம்பர் வழியாகக் கீழே சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் சீக்கிரமே நின்றுவிடும், ஃப்ரீசருக்கு வேண்டிய நேரம் கிடைக்காது. கீழே உறைகிறது, மேலே ஐஸ் இளகுகிறது. பார்க்கிறவருக்கு மெஷின் தலைகீழாகிவிட்டது போல இருக்கும். ஃப்ரீசர் இளகுகிறதே என்று இங்கேயும் ஒருவர் கேஸ் சிலிண்டரோடு வருவார். இன்னொன்றும் உண்டு, மடல் ஒழுங்காக அசையும், ஆனால் அதன் விளிம்பில் ஒட்டிய மெல்லிய ஸ்பாஞ்சு கிழிந்திருக்கும், அல்லது விளிம்பில் ஒரு சிறு ஐஸ் கட்டி மூட விடாமல் இடறும். மூடினாலும் கசியும். கீழே மெல்ல மெல்ல உறையும், அதிலும் கதவு அதிகம் திறக்காத இரவில்.

ஆனால் கீழே குளிரவில்லை என்றாலே டேம்பர் என்று நான் சொன்னால் அதுவும் உங்கள் குறிப்பைப் போலத்தான் ஆகிவிடும். அதே அறிகுறியோடு வரும் வேறு ஆசாமிகள் உண்டு. ஃபேன் நின்றுபோனால் காயிலின் குளிர் அதன் பக்கத்திலேயே தங்கிவிடும், முதலில் கீழே தெரியும், நாள் ஆக ஆக மேலேயும் தெரியும். காயிலில் சேரும் பனியை அவ்வப்போது உருக்கும் டிஃப்ராஸ்ட் பகுதியில், அதாவது ஹீட்டர், பைமெட்டல் என்ற வெப்பச் சுவிட்ச், டைமர் அல்லது போர்டு இவற்றில் ஏதாவது ஒன்று போனால் காயில் முழுவதும் பனி மூடி, சுவர் மாதிரி ஆகி, காற்றே புகாது. இதிலும் முதலில் கீழேதான் சூடாகும். காயிலுக்கு அடியில் இருக்கும் வடிகால் துளை அடைத்துக்கொண்டால் உருகிய நீர் அங்கேயே உறைந்து, கீழிருந்து மேலே திரும்பிப் போகும் காற்று வழியை அடைக்கும். திரும்பும் வழி அடைந்தாலும் குளிர் வராது, இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள், காற்று உள்ளே வர வேண்டுமென்றால் பழைய காற்று வெளியே போக வேண்டும் அல்லவா. இதற்கெல்லாம் மேலே, துவாரத்துக்கு நேர் முன்னால் ஒரு பெரிய பாத்திரத்தை நெருக்கி வைத்திருப்பது. சிரிக்காதீர்கள், பாத்திரத்தை நகர்த்தியதோடு முடிந்த புகார்கள் உண்டு.

வீட்டிலேயே பார்க்க முடிந்தவற்றைச் சொல்கிறேன். காற்றின் வெப்பத்தை அளக்காதீர்கள், கதவைத் திறந்தாலே அது மாறும். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். ஃப்ரீசருக்கு உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே செருகி வையுங்கள். அடுத்தது காற்று. டிஷ்யூ பேப்பரை மெல்லிய கீற்றாகக் கிழித்துக் கீழ்ப்பகுதியின் துவாரத்துக்கு முன்னால் பிடியுங்கள், ஆடினால் காற்று வருகிறது. ஆனால் பல மாடல்களில் கதவைத் திறந்த கணத்தில் ஃபேன் நின்றுவிடும், அதைத் தெரியாமல் சோதித்துவிட்டு ஃபேன் போயிற்று என்று சொல்கிறவர்கள் உண்டு. கதவு ஓரத்தில் இருக்கும் விளக்குச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் பாருங்கள். அழுத்தும் சுவிட்சே கண்ணில் படவில்லை என்றால் கதவுக்குள் காந்தம் வைத்து வேலை செய்யும் வகையாக இருக்கும், ஒரு சின்னக் காந்தத்தைக் கதவுச் சட்டத்தின் ஓரமாக நகர்த்திப் பார்த்தால் விளக்கு அணையும் இடம் தெரிந்துவிடும். மேலே நல்ல காற்று, கீழே துளியும் இல்லை என்றால் டேம்பர் அல்லது குழாய். மேலேயும் காற்று இல்லை என்றால் ஃபேன் அல்லது பனி மூடிய காயில். ஃப்ரீசர் பின்சுவர் பேனலில் பனி பூத்திருந்தால் டிஃப்ராஸ்ட் பக்கம் போங்கள். ஒன்று மட்டும், போர்டு டேம்பரை வேண்டுமென்றே மூடியிருக்கும் நேரமும் உண்டு, கீழே 3 டிகிரி இருந்தால் காற்று வரக்கூடாதுதான். கீழே சூடாக இருக்கும்போதும் காற்று வரவில்லை என்றால்தான் பழுது.

காதும் உதவும். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். ஸ்டெப்பர் வகை என்றால் நான் சொன்ன அந்த முட்டும் வேலை நடக்கும், துவாரத்துப் பக்கத்தில் காதை வைத்தால் டிக் டிக் என்றோ கிரீச் என்றோ சில நொடிகள் கேட்கும். இது பழுது அல்ல, இதைக் கேட்டுப் பயந்து போன் செய்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சத்தமே இல்லையென்றால் மோட்டார், வயர் அல்லது போர்டு. சத்தம் கேட்டும் காற்று மாறவில்லையென்றால் ஐஸ் அல்லது உடைந்த பல். பெல்லோஸ் வகை சத்தமே போடாது, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

அதற்கப்புறம் முழுக்க உருக்கிப் பார்ப்பது. பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள், கீழே துணி விரித்து வையுங்கள். குறைந்த நேரம் போதாது, டேம்பரும் குழாயும் தெர்மோகோல் உறைக்குள் புதைந்திருப்பதால் அங்கே கட்டிய ஐஸ் லேசில் கரையாது. மறுபடி ஓட்டிய பிறகு எத்தனை நாள் நன்றாக ஓடுகிறது என்பதுதான் உண்மையான தகவல். முதல் நாளே கீழே குளிரவில்லை என்றால் ஐஸ் பிரச்சினை இல்லை, பொருளே கெட்டிருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் ஓடிப் பிறகு இரண்டு பக்கமும் மெல்லத் தளர்ந்தால் டிஃப்ராஸ்ட் பழுது, காயிலில் பனி சேர்ந்துகொண்டிருக்கிறது. மேலே அசையாமல் இருக்க, கீழே மட்டும் திடீரென்று ஒரு நாள் நின்றால் டேம்பர் மடலில் ஐஸ். இந்த ஒரு தகவலை மெக்கானிக்கிடம் சொன்னீர்கள் என்றால் அவருடைய பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

தொழிலில் இருக்கிற தம்பிகளும் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். ஸ்டெப்பர் டேம்பரில் பொதுவாக மோட்டாருக்கு நான்கு வயர், இரண்டு சுருள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கனெக்டரைக் கழற்றி மீட்டரில் ஓம், அதாவது மின்தடை, பாருங்கள், இரண்டு சுருளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், சில நூறு ஓம் அளவில் இருக்கும். ஒன்று காட்டி மற்றொன்று எதுவும் காட்டாமல் அறுந்திருந்தால் மோட்டார் அவ்வளவுதான். ஆறு வயர் வந்தால் மீதி இரண்டு பெரும்பாலும் மடலில் ஒட்டிய குட்டி ஹீட்டருக்கு, ஐஸ் கட்டாமல் இருப்பதற்காக வைத்தது. மோட்டாரை மட்டும் பார்த்து நல்லது என்று விட்டுவிட்டு அந்த ஹீட்டரைப் பார்க்காமல் வருவதால்தான் அதே வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. இன்னொன்று, மடல் சும்மா நிற்கும் நேரத்தில் மீட்டரை வைத்து "வோல்ட் வரலை, போர்டு போச்சு" என்று சொல்லாதீர்கள். ஸ்டெப்பருக்கு நகரும் அந்தச் சில நொடிதான் துடிப்பாக வோல்ட் வரும், மற்ற நேரம் ஒன்றும் இருக்காது, நகரும்போதும் டிஜிட்டல் மீட்டரில் எண் தாவித் தாவித்தான் காட்டும். பிளக் போட்ட உடனே அளந்து பாருங்கள், அல்லது அந்த மாடலின் சோதனைக்கான சர்வீஸ் மோடில் டேம்பரை ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

சென்சாரையும் விடக்கூடாது. கீழ்ப்பகுதியில் இருக்கும் என்.டி.சி. சென்சாரின் ஓம் சூடு ஏற ஏறக் குறையும், குளிரக் குளிர ஏறும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை 0 டிகிரியில் ஏறக்குறைய மூன்று மடங்கு காட்டும். சென்சார் அறுந்துவிட்டால் போர்டு கண்டுபிடித்துப் பிழை எண் போட்டுவிடும், ஆனால் ஈரம் ஏறி மெல்ல விலகிப்போனால் ஒன்றும் சொல்லாது. கீழே ஏற்கெனவே 2 டிகிரிதான், இன்னும் 9 டிகிரி என்று சென்சார் பொய் சொன்னால் போர்டு டேம்பரைத் திறந்தே வைத்திருக்கும், எல்லாம் உறையும். டேம்பர் மேல் குற்றமே இல்லை, அது சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு தம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கி, சென்சாரை அதில் சில நிமிடம் அமிழ்த்தி ஓம் பார்த்து, கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடுங்கள். டேம்பர் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அப்புறம் ஒரு குறுக்குவழி: கனெக்டரைக் கழற்றி, மடலைக் கையால் பாதி திறந்து நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜ் கதவை மூடி ஓட்டிப் பாருங்கள். சில மணி நேரத்தில் கீழே டிகிரி இறங்க ஆரம்பித்தால் ஃபேன், காயில், குழாய் எல்லாம் நன்றாக இருக்கிறது, டேம்பரும் அதை ஆட்டுவிக்கிற பகுதியும்தான் பார்க்க வேண்டியது. ஆனால் சிலர் இதையே நிரந்தர வைத்தியமாக்கிவிட்டு, பாதி திறந்த மடலோடு கட்டணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். குளிர் காலத்தில் அந்த வீட்டில் கீழே எல்லாம் உறையும்.

மடலில் ஐஸ் ஏன் கட்டுகிறது என்று கேட்காமல் புது டேம்பர் போட்டால் புதிதும் அதே கதிக்குத்தான் போகும். ஐஸுக்கு ஈரம் வேண்டும், ஈரம் வெளிக்காற்றில் இருந்து வருகிறது. கதவு ரப்பர் ஒரு மூலையில் சுருண்டிருந்தாலே போதும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே பிடி இருக்க வேண்டும், எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பர் சரியில்லை. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பல ரப்பர்கள் மறுபடி உட்கார்ந்துவிடும். ஆவி பறக்கும் பாத்திரத்தைத் திறந்தபடி உள்ளே வைப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஐஸைக் கத்தியால் குத்தாதீர்கள் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, நீங்கள் அச்சில் போட்டால் கேட்பார்கள். காயில் மெல்லிய அலுமினியம், ஒரு குத்தில் ஓட்டை விழும், அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போகும். அதுவும் இப்போது வரும் மெஷின்களில் நிறைய ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. ஹேர் டிரையரை நெருக்கிப் பிடித்தால் பிளாஸ்டிக் கோணும், கீழே தண்ணீர், கையில் கரண்ட், எனக்கு அதிலும் உடன்பாடில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெந்நீரில் பிழிந்த துணியை வைத்து வைத்து எடுங்கள், அல்லது கதவைத் திறந்துபோட்டுக் காத்திருங்கள்.

கடைசியாக, தயாரிப்பாளர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தையும் எழுதிவிடுகிறேன். மடலையும் மோட்டாரையும் தெர்மோகோல் குழாயோடு சேர்த்து ஒரே பொருளாக விற்கிற பழக்கம் பரவுகிறது. ஒரு பல்சக்கரம் உடைந்ததற்கு முழுத் தொகுதியையும் வாங்கு என்கிறார்கள். சென்சார் அட்டவணையும் சர்வீஸ் மோடு விவரமும் கேட்டால் அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது, ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட், வெப்ப சென்சார், போர்டு, விளக்கு இவை எல்லாம் அந்த மாடலின் கடைசி மெஷின் விற்பனைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 7 ஆண்டுக்குப் பழுது பார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும், கதவு ரப்பர் 10 ஆண்டுக்கு, அதுவும் பொதுமக்களுக்கே கிடைக்க வேண்டும் என்று. நல்ல விதி. ஆனால் அந்தப் பட்டியலில் டேம்பரும் ஃபேனும் இல்லை. எழுதியவர்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டும் முதல் வரியிலேயே வந்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கேஸ் என்று யாராவது சொன்னால் ஃப்ரீசரின் டிகிரி என்ன, பேனலைக் கழற்றிப் பார்த்தீர்களா, காயிலில் பனி எதுவரை இருக்கிறது என்று இந்த மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். அவர் பேனலைக் கழற்றும்போது வீட்டுக்காரர் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும், பிறகு வேறொருவரைக் கூப்பிட நேர்ந்தால் அந்தப் படம் போதும், வருகிறவர் பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழிலில் இருக்கும் உங்கள் வாசகன்